தண்ணீர் கட்டிப் பார்க்காமல் கையளித்த வீடு

மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்கு மறுநாள் காலை நீ பையைத் தூக்கிக்கொண்டு கொழும்பு பஸ் ஏறியதிலிருந்து இந்த வீட்டில் நானும் அம்மாவும் உப்பு, புளி, கரண்ட் பில் தவிர வேறொன்றும் அதிகம் பேசுவதில்லை. நான் போன் எடுத்தால், "ஆங் அப்பா, சாப்பிட்டேன், வேலையில இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த இடைவெளிக்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் வரும் கடிதமில்லை. உன் மாமா மகன் தினேஷ் இதை டைப் பண்ணி நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவான். பொங்கலன்றைக்கு நான் உன்னை அறைக்குள் கூப்பிட்டு ஏசவில்லை. இலை போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் ஏசினேன். சொன்ன பேச்சைத் திருப்பி எடுப்பதையும் அவர்கள் முன்னால்தான் செய்ய வேண்டும். அங்கே இல்லாதவர்களுக்கும் விளங்க வேண்டுமென்று, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். நீயும் உன்னோடு வேலை செய்கிறவர்களும் இரண்டு வருஷமாகச் சோதித்துக்கொண்டிருந்த கம்பியூட்டர் கேம் டிசம்பரில் நத்தாருக்கு முன்னால் வெளிவந்திருந்தது. பொங்கல் சாப்பாட்டு நேரம் தினேஷ் போனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினான். துறைமுகத்தில் ஒரு கல் படிக்கட்டு. கதாநாயகன் படியில் கால் வைத்ததும் கழுத்து வரை கல்லுக்குள் இறங்கிவிடுகிறான். தலை மட்டும் வெளியே நின்று வீர வசனம் பேசுகிறது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு உன் பெரியம்மா, "இது நம்ம புள்ள வேலை செய்ற கேமா? இதெல்லாம் பாக்குறதுக்குத்தானே அவள வச்சிருக்காங்க?" என்று கேட்டார். அவர் கள்ளமில்லாமல்தான் கேட்டார். என் முகம் சுட்டது. இரண்டு வருஷமாக மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடை, டீக்கடை, சலூன் என்று ஒன்று விடாமல், "என் மகள் சரின்னு சொன்னாத்தான் கேம் வெளிய வரும்" என்று பெருமையடித்துத் திரிந்தவன் நான். என் வாய் எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும்.

"இதப் பாக்கத்தானே ஒனக்குச் சம்பளம்? கண்ண எங்க வச்சிருந்த? என் சைட்டுல இப்புடி வேலை செஞ்ச ஒரு ப்ளம்பர நான் அன்னைக்கே வெரட்டி விட்டேன், தெரியுமா?" என்றேன். நீ கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தாய். கோபப்படவில்லை. மெதுவாக ஒன்று கேட்டாய். "அவரு முன்னுக்கே ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா அப்பா?" நான் "இல்ல" என்றேன். நீ எழும்பிக் கை கழுவப் போனாய். அந்த "இல்ல" என்ற பொய்க்காகத்தான் இந்த நீளக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா என்னிடம் மற்ற விஷயத்தைச் சொன்னாள். கேமைப் பற்றி உலகமெல்லாம் கேலி பேச, அதை வெளியிட்ட வெளிநாட்டுக் கொம்பனி உங்கள் கொம்பனியிடம் விளக்கம் கேட்டிருக்கிறதாம். உங்கள் மேனேஜர் ஒரு கடுதாசி தயாரித்திருக்கிறாராம். சோதனைப் பிரிவு கவனிக்காமல் விட்டதால் வந்த பிழைகள் என்று அதில் எழுதியிருக்கிறதாம். பிரிவுக்குப் பொறுப்பு நீ என்பதால் வருகிற வெள்ளிக்கிழமை நீதான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "போடாதடி" என்று அம்மா சொல்ல, "எங்க அப்பாவே அப்புடித்தானே நெனைக்கிறாரு. வெளியாள் நெனைச்சா என்னம்மா. போட்டுட்டு இந்த வேலைய விட்டுர்றேன்" என்றாயாம். இதைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மா மேல் பாய்ந்தேன். பிழை விட்டவர் கையெழுத்துப் போடுவதில் என்ன தப்பு என்று கத்தினேன். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தாமல் சொன்னாள். "அந்தப் படிக்கட்டு விஷயத்த அவ ஆடி மாசமே சொன்னா. நீங்க இந்தக் கதிரையிலதான் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

உண்மைதான். ஸ்பீக்கரில் நீ பேசியது எனக்கு ஞாபகம் வந்தது. துறைமுகப் படியில் ஆள் புதைகிறான், எழுதிக் கொடுத்தாச்சு, பிறகு பார்ப்போம் என்கிறார்கள் என்று சொன்னாய். நான் அப்போது மாசி சம்பலில் புளி காணாது என்று அம்மாவிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தினேஷின் கொம்யூனிகேஷன் கடைக்குப் போனேன். வீடியோவைக் காட்டியவன் அவன்தானே, அவனுக்கும் குத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வெளிவந்த இரண்டாம் நாளே கேமைத் திருத்தி வெளியிட்ட பெட்ச் ஒன்றின் பட்டியலை அவனே கம்பியூட்டரில் எடுத்துக் காட்டினான். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். படிக்கட்டில் ஆள் புதைவது. வீட்டுக்குள் மழை பெய்வது. சில கிராபிக்ஸ் கார்ட் உள்ள கம்பியூட்டர்களில் விளையாடிச் சேமித்ததெல்லாம் அழிந்துபோவது. குதிரை பாலத்துக்குக் கீழே ஓடுவது. அவன் சொல்லச் சொல்ல, இதெல்லாம் நீ அம்மாவிடம் மாதக்கணக்காகப் புலம்பியவைதான் என்று எனக்கு விளங்கிக்கொண்டே வந்தது. "மாமா, வெளிய வந்து ரெண்டு நாள்ல இவ்வளத்தையும் கண்டுபுடிச்சி திருத்த ஏலாது. இதெல்லாம் அவங்களுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு. நானும் யோசிக்காம அந்த வீடியோவக் காட்டிட்டேன்" என்றான் தினேஷ். பிறகு கேமுக்குள் இருக்கும் பெயர்ப் பட்டியலை ஓட விட்டான். சுவர் வரைந்தவர்கள், குரல் கொடுத்தவர்கள், வாத்தியம் வாசித்தவர்கள் என்று பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. கல்யாணக் கார்டில் தூரத்துச் சொந்தக்காரர் பெயரைப் போடுகிற மாதிரி, கடைசிப் பக்கமாக, சின்ன எழுத்தில் உன் பெயர் வந்தது. நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். கடையில் போட்டோகொப்பி எடுக்க வந்திருந்த ஒருவர் என்ன என்று எட்டிப் பார்த்தார். என் மகள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ எத்தனையோ தடவை எனக்கு விளங்கப்படுத்தப் பார்த்தாய். நான்தான் காது கொடுக்கவில்லை. இப்போது யோசித்து யோசித்துச் சேர்த்துக்கொள்கிறேன். நான் கட்டுகிற வீடு ஒரு காணியில் நிற்கும். அந்த மண்ணை நான் பார்த்திருப்பேன், கையில் எடுத்துப் பிடித்தும் பார்த்திருப்பேன். நீங்கள் செய்கிற கேம் லட்சக்கணக்கான வீடுகளில், ஒன்றுக்கொன்று பொருந்தாத கம்பியூட்டர்களில் ஒரே நாளில் ஓட வேண்டும். பழைய கார்ட், புது கார்ட், மெமரி குறைந்தது, பக்கத்தில் வேறு பத்து புரோகிராம் திறந்து வைத்தது என்று எல்லாவற்றிலும் பார்த்து முடிக்க ஒரு ஆயுள் காணாது என்று சொன்னாய். ஒரு கதவைத் திருத்தினால் வேறெங்கோ ஒரு ஜன்னல் திறக்காமல் போகும், ஆகவே திருத்திய பிறகும் முழுவதையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றாய். அதற்கு நாள் வேண்டும். நாளைத்தான் யாரும் தருவதில்லை. கேம் பாதியில் இருக்கும்போதே தேதி அறிவிக்கப்பட்டுவிடும், விளம்பரம் ஓடும், ஆட்கள் முன்கூட்டியே வாங்கியும் விடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் கண்டுபிடிக்கிற பிழைக்கெல்லாம் "தெரியும், வெளிவந்த பிறகு பார்ப்போம்" என்று ஒரு முத்திரை. உங்கள் வேலை கண்டு சொல்வது, விடுவதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பது வேறு ஆட்கள் என்றாய். அப்போது நான், "சும்மா சாட்டுச் சொல்லாத" என்றேன். எனக்கு அது விளங்காமல் இல்லை மகள். மிக நன்றாக விளங்கியது. அதனால்தான் கேட்கப் பிடிக்கவில்லை.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பழைய கம்பியூட்டர் வாங்கித் தந்தேனே, அதில் ஒரு கார் ஓட்டும் கேம் இருந்தது. ஒரு வளைவில் கார் சுவருக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். மற்றப் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு விலகி ஓட்டுவார்கள். நீ வேண்டுமென்றே அங்கேயே போய் முட்டுவாய். வேகமாக, மெதுவாக, பின்பக்கமாக. "ஏன்டி ஒரே செவுத்துலயே போய் முட்டுற?" என்று நான் கத்தினால், "எப்புடி உள்ளுக்குப் போகுதுன்னு பாக்குறேன்ப்பா" என்பாய். ஒரு கொப்பியில் எழுதியும் வைத்தாய். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு பிழையைக் கவனிக்காமல் விட்டிருக்கும் என்று நான் எப்படி நம்பினேன்? நம்பவில்லை. அன்றைக்கு இலைக்கு முன்னால் உட்கார்ந்து உன்னை ஏசும்போதே அது எனக்குத் தெரியும். எனக்குத் தேவைப்பட்டது, சிரிப்பு என் பக்கம் திரும்பாமல் இருப்பதுதான்.

இனி யட்டவத்த ஊரில் நான் கட்டிய வீட்டின் கதைக்கு வருகிறேன். நீ அப்போது ஓ லெவல் படித்துக்கொண்டிருந்தாய். ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர், மாத்தயா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் சிங்களவர், தங்கமான மனிதர், மாடி வீடு கட்ட என்னிடம் தந்தார். குடிபுகும் நல்ல நேரத்தை அவர் ஜாதகம் பார்த்துக் குறித்துவிட்டார். காலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்குப் பால் பொங்க வேண்டும். நம் ஆட்களானாலும் சரி, அவர்களானாலும் சரி, நேரம் குறித்துவிட்டால் குறித்ததுதான். வீடு முடிந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கார்ட் கொடுத்தாயிற்று, கதிரை மேசைக்குச் சொல்லியாயிற்று, கண்டியிலிருந்து சொந்தக்காரர் வர வேனும் பிடித்தாயிற்று. பெயின்ட் காயாத சுவரில் சாய வேண்டாம் என்று ஆள் நிறுத்திக் குடிபுகுந்த வீடுகளை நானே எத்தனையோ கையளித்திருக்கிறேன். இந்த ஊரில் என்னைப் போல வீடு கட்டிக் கொடுக்கும் பாஸ் வேலை செய்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். சிரித்துக்கொண்டே சொல்வான்.

அந்த வீட்டுக்கு ப்ளம்பர் எல்கடுவ செல்லையா அண்ணன். தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து விடியவே இறங்கி வருவார், அதிகம் பேச மாட்டார். மேல் மாடி பாத்ரூமுக்குப் பைப் போட்டு முடித்ததும் என்னிடம் வந்தார். "பாஸ், ஓட்டைய அடைச்சி ரெண்டு நாள் தண்ணி கட்டி வச்சிப் பாக்கணும். ஒரு மூட்டு எனக்குச் சந்தேகமா இருக்கு. இப்ப டைல் ஒட்டிட்டா உள்ளுக்கு ஒழுகுறது தெரியாதுங்க" என்றார். இரண்டு நாள் தண்ணீர் கட்டினால் டைல் வேலை நேரத்துக்கு முடியாது. பார்ப்போம் என்றேன். அடுத்த நாளும் வந்து சொன்னார். டைல்காரன் சாந்து குழைக்கத் தொடங்கியபோது மூன்றாவது தடவை, கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு சொன்னார். "ஒட்டுடா" என்றேன் நான். அவரிடம்கூட இல்லை, டைல்காரனிடம். செல்லையா அண்ணன் கையை எடுத்துக்கொண்டார்.

பால் நேரத்துக்குப் பொங்கியது. எல்லாருக்கும் சந்தோஷம். வந்தவர்கள் மேலே போய் பாத்ரூமைப் பாவித்தார்கள். பகல் சாப்பாடு போடும் நேரம் கீழே ஹோலில் சீலிங் தட்டில் ஒரு ஈரம் தெரிந்தது. அது பரவுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு தட்டு அப்படியே பிய்ந்து சாப்பாட்டு மேசை மேல் விழுந்தது. கழிவுத் தண்ணீர், மகள். சோற்றின் மேல், கறியின் மேல், ஒரு அம்மாவின் வெள்ளைச் சாரியின் மேல். மாத்தயா கத்தவில்லை. இது என்ன பாஸ் என்று மட்டும் என்னைக் கேட்டார். செல்லையா அண்ணன் வாசல் பக்கம் சாப்பாட்டுத் தட்டோடு நின்றார். நான் அவர் பக்கம் விரலை நீட்டினேன். ப்ளம்பர் வேலை மாத்தயா, இவரை நம்பி விட்டேன் என்று சிங்களத்தில் சொன்னேன். செல்லையா அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, என் பிழைதான் மாத்தயா என்றார். நான் அவருக்குத் தொடர்ந்து வேலை தருவேன் என்று நினைத்திருப்பார். நான் தரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது என்பதால் தரவில்லை. ஊரில் அது வேறு மாதிரி பரவியது. என்னை மாதிரி மற்ற பாஸ்மாரும் அவரைக் கூப்பிடாமல் விட்டார்கள்.

தினேஷின் கடையிலிருந்து வந்த மறுநாள் எல்கடுவக்குப் போனேன். செல்லையா அண்ணன் இப்போது மரக்கறித் தோட்டம் ஒன்றில் வேலை செய்கிறார். அவருடைய மகன் ரமேஷ் கண்டியில் ஹோட்டல் வேலை. லயத்தை ஒட்டி இரண்டு அறை கட்டிக்கொண்டிருந்தான். நான் போன நேரம் புது அறைக்கு யாரோ வெளியாள் ஒருவர் பைப் போட்டுக்கொண்டிருந்தார். செல்லையா அண்ணன் ஒரு கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த மகன் வீட்டுப் பைப். அவர் கை வைக்கவில்லை.

நான் நின்றுகொண்டே சொன்னேன். நீங்கள் மூன்று முறை சொன்னீர்கள், கேட்காதது நான், பழி போட்டதும் நான் என்றேன். "அது எனக்குத் தெரியுந்தானே பாஸ். என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? உள்ளுக்கு இருக்கான், அவன்கிட்ட சொல்லுங்க" என்றார். உள்ளே போனேன். ரமேஷ் உன் வயதுதான் இருக்கும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்பா முன்னுக்கே ஒங்களுக்குச் சொன்னாரா?" என்றான். நீ கேட்ட அதே கேள்வி. "சொன்னாரு தம்பி. மூணு தரம் சொன்னாரு" என்றேன். அவன் என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே போனான். வெளியாளிடம் என்னவோ சொல்லி, பைப் ரெஞ்சை வாங்கி அப்பாவிடம் நீட்டினான். செல்லையா அண்ணன் வாங்கவில்லை. "அவரு தொடங்கிட்டாரு, அவரே முடிக்கட்டும். பொறகு நான் தண்ணி கட்டிப் பாக்குறேன்" என்றார். எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து நேரே யட்டவத்தவுக்குப் போனேன். மாத்தயாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. வெட்கக்கேட்டைச் சத்தமாகச் சொல்வது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். கேட்டு முடித்ததும் அவர் தமிழில் சொன்னார். "அந்த ஆள் என்கிட்டயும் வந்து சொன்னாரு பாஸ். ரெண்டு நாள் தள்ளிப் போட ஏலுமான்னு கேட்டாரு. நான்தான் நேரத்த மாத்த ஏலாதுன்னு சொன்னேன். மேசை மேல விழுந்த நேரம் எனக்கும் ஞாபகம் வந்திச்சி. வாயத் தொறக்க இல்ல."

கேட்டுக்கொள் மகள். நேரம் குறித்தவருக்குத் தெரியும். ஒட்டச் சொன்னவனுக்குத் தெரியும். டைல்காரனுக்கும் தெரியும். தெரிந்த எல்லாரும் சேர்ந்து, முதலில் சொன்ன மனிதரையே தெரியாதவர் ஆக்கிவிட்டோம். உங்கள் கேமில் யார் பொறுப்பு என்று என்னைக் கேட்டால், எனக்கு அந்த உலகம் தெரியாது. தேதி குறித்தவருக்கு மேலே இன்னொருவர் இருப்பார், அவருக்கும் ஒரு அவசரம் இருக்கும். செய்து முடிக்கும் முன்னே வாங்கிவிட்டு அவசரப்படுத்துகிறவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கும். எழுதும்போது பிழை விட்டவர் இருப்பார், அது மனிதக் கை, விடத்தான் செய்யும். ஆனால் பிழைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு "விடுங்கள்" என்று சொன்ன வாய் ஒன்று இருக்கும். என் வீட்டில் அந்த வாய் என்னுடையது. அதை ஜாதகத்தின் மேலும் போட முடியாது, மாத்தயா மேலும் போட முடியாது.

வெள்ளிக்கிழமை அந்தக் கடுதாசி உன் முன்னால் வரும்போது நீ கையெழுத்துப் போடாதே. நீ எழுதிக் கொடுத்த பட்டியலை அதன் பக்கத்தில் வை. வேலை போகலாம், போகாது என்று உனக்கு உறுதி சொல்ல எனக்குத் தெரியாது. செல்லையா அண்ணன் அன்றைக்கு ஒத்துக்கொண்டும் அவருக்கு வேலை போனது, அது மட்டும் எனக்குத் தெரியும். உன் மேனேஜர் எழுதிய வசனத்தை அவருக்கு முன்னமே, உன் வீட்டில், உன் இலைக்கு முன்னால் சொன்னது நான். அப்பாவே அப்படி நினைக்கிறார் என்று நீ சொன்னாயே, அப்பா அப்படி ஒரு நாளும் நினைக்கவில்லை. நினைக்காததைச் சொன்னேன். அது நினைத்துச் சொல்வதைவிடக் கேவலம்.

யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் யட்டவத்த வீட்டுக்காக இந்தக் கடிதத்தின் கீழே நான் போடுகிறேன். முப்பது வருஷத்தில் எந்த வீட்டுக்கும் இப்படி எழுதிக் கொடுத்ததில்லை. அம்மா பக்கத்தில் நிற்கிறாள், ரமேஷுக்கும் மாத்தயாவுக்கும் இதன் கொப்பி போகிறது.

யட்டவத்த வீட்டைச் சோதிக்க விடாமல் டைல் ஒட்டச் சொன்னவன்,
தடுத்தவர் மேலேயே பழியைப் போட்டவன்,
மகள் கேட்டபோது "இல்ல" என்றவன்,

உன் அப்பா.